பதினேழாம் நம்பர்

ரயிலில் வந்து இறங்கியது வண்டி.
ஆவடியின் தகரக் கூரைகள்
கத்திரி வெயிலில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்த நேரம்.
நாற்பது டன்னுக்கு மேல்.
கட்டியிருந்த கம்பி ஒன்றில்
எந்த ஊர் ஆடோ உரசிவிட்டுப் போன மயிர்.

ஏர் ஃபில்டரைக் கழற்றினால் மணல்.
கோலமாவுப் பதம்.
"பிக்கானீர்" என்றான் ஜெகவீரன்,
நாக்கில் வைத்துப் பார்த்தவனைப்போல.
இரண்டு பக்கெட் அள்ளிக் கொட்டினோம்.
மாலையில் எனக்கு மூக்குச் சிந்தினாலும் பிக்கானீர்.

டர்ரெட்டைத் தூக்கும்போது யாரும் பேசக்கூடாது,
பேசினாலும் கேட்காது.
மேலே கிரேனில் பாத்திமுத்து.
கீழே என் கை.
ஒரு விரல் மடக்கினால் ஒரு நூல் உயரம்.
இத்தனை இரும்பும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு
காற்றில் நிற்கும்.

இதில் போனவர்களை நாங்கள் பார்த்ததில்லை.
தேய்மானம்தான் அவர்கள் முகம்.
பெடல் ரப்பர் வெளிப்பக்கமாகக் கரைந்திருக்கிறது,
ஓட்டியவனுக்குக் குதிகால் சாய்வு.
உள்சுவரில் பேனாக் கணக்கு:
ஐம்பது, ஐம்பது, நூற்றிருபது.
கடைசியை மட்டும் அடிக்கவில்லை.
யார் யாருக்குத் தரவேண்டுமோ,
பெயிண்ட் அடிக்கும்போது அதுவும் போய்விடும்.

மூன்றாம் நாள் அடித்தகட்டை நெம்பினேன்.
கறுத்து இறுகிய கிரீஸுக்குள்
எலும்புபோல் ஏதோ.
வேஸ்ட் துணியால் துடைக்கத் துடைக்க
ஒரு ஸ்பானர்.
பதினேழு.
எங்கள் பட்டறை எண்,
எண்ணுக்குப் பக்கத்தில் உளியால் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி
ஹவில்தார் மாசிலாமணி வைப்பது.

எங்கள் சுவரில் ஒரு பலகை உண்டு.
ஒவ்வொரு கருவிக்கும் சிவப்பில் அதன் உருவம்.
பதினேழின் இடத்தில் வேறொன்று தொங்குகிறது,
அரை விரற்கடை குட்டை.
ஒன்பது வருடமாக அதன் தலைக்கு மேல்
கொஞ்சம் சிவப்பு மீந்தே இருக்கிறது.

அன்று சாயங்காலம் எண்ணியபோது ஒன்று குறைந்தது.
மூன்று வண்டிகள் கேட் தாண்டிவிட்டன.
தேடச் சொல்லி அவர் எழுதிய தாள்
எந்த மேசையில் தூங்கியதோ.
திருடி விற்றான் என்றுகூட ஒருவன் சொன்னான்.
இருநூற்றுச் சொச்சம் பிடித்தார்கள்.
அதற்குப் பிறகு பதவி உயர்வுப் பட்டியலில்
அவர் பெயர் வரவே இல்லை.

முகப்பேரில் ஒரு அடுக்குமாடிக்கு
இப்போது இரவுக் காவல்.
மதியம் போன் செய்து எழுப்பினேன்.
"அண்ணா, உங்க பதினேழு கெடச்சிடுச்சு.
உங்க மேல தப்பு இல்லன்னு..."
வாக்கியத்தை முடிக்க விடவில்லை.

"எங்க இருந்துச்சு?"
"டர்ரெட்டுக்குக் கீழ. பின்பக்கம்."
"பல்லுல பட்டிருக்கா?"
"இல்லண்ணா. கிரீஸ் புடிச்சு வச்சிக்கிச்சு."
"தடவிப் பாத்தியா? சுத்தி முழுசா?"
"ரெண்டு தடவ."

ஒன்றும் கேட்கவில்லை கொஞ்ச நேரம்.
அங்கே மின்விசிறி மட்டும் ஓடியது.
அப்புறம், யாரிடமோ சொல்வதுபோல்,
"அப்ப எவனுக்கும் ஒன்னும் ஆவல."

நான் அவர் பெயரைப் பற்றி யோசித்திருந்தேன்.
அவர் ஒன்பது வருடமாக
எங்கோ பாலைவனத்தில்
பாதியில் திரும்பாமல் நின்றுவிட்ட ஒரு பீரங்கியையும்
அதற்குள் இருந்த மூன்று பேரையும்.

"வைடா," என்றார்,
"தண்ணி லாரி வந்து ஹாரன் அடிக்கிறான்."

மாலை மணி அடித்தது. எண்ணினோம்.
பழையதை மாட்டினேன்.
சிவப்பு துளியும் தெரியாமல் மூடிக்கொண்டது.

குட்டை ஸ்பானர் என் கையில் மிஞ்சியது.
ஸ்டோர் கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்:
கணக்கில் ஒன்று அதிகம்,
எப்படி வந்தது,
நாளைக் காலைக்குள்
எழுத்தில் விளக்கம் வேண்டும்.